கரையொதுங்கிய திமிங்கலமும் ஒரு வரியும்

திண்டிவனம்,
சனிக்கிழமை மாலை.

கலைமதிக்கு, இளவரசி எழுதுவது.

நாளை காலை விழுப்புரத்தில் கை தூக்கச் சொன்னால் நான் எந்தப் பக்கம் தூக்குவேன்? நான்கு நாளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று விடுதியில் இரண்டு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் எண்ணைத் தடுத்துவிட்டாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தோஹா முகவரியை உன் அத்தை அஞ்சம்மாளிடம் வாங்கினேன். அவரை ஏன் தேடிப் போனேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் நால்வர் கட்டுரைக் குழுவிலிருந்து நீ விலகியது பாதியில். மீதியும் உனக்குத் தெரிய வேண்டும். நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் திமிங்கலங்கள் கரையொதுங்குவது பற்றிய கட்டுரையை ஆறு வருடம் முன்பு நீதான் தொடங்கினாய். அதில் ஒரு வரி: '1987-இல் மரக்காணம் அருகே ஒதுங்கிய திமிங்கலத்தைக் கடலுக்குள் திருப்பி விட முயன்றபோது, அதன் வால் அடித்து மீனவர் ஒருவர் இறந்தார்.' ஒரு வாரத்துக்குள் அதன் பக்கத்தில் 'சான்று தேவை' என்று குறித்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. சான்று தேடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் திமிங்கலம் பற்றி ஒரு பக்கம் வந்தது. அதில் அந்த வரியும் இருந்தது. விழுப்புரம் தென்னரசு மகிழ்ந்துபோய் நாளிதழைச் சான்றாகச் சேர்த்துவிட்டு என் குறிப்பை எடுத்துவிட்டார். ஒருவர் எழுதினால் இன்னொருவர் சரிபார்த்துப் பச்சைக் குறி போட வேண்டும் என்பது நாம் வைத்த முறை. சரிபார்த்தவள் நான். பச்சைக் குறி போட்டவளும் நான்தான். நாளிதழ்காரருக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கட்டுரை நம் கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்துக்குத் தேர்வானதால் போன வாரம் எல்லாச் சான்றுகளையும் மறுபடி எடுத்துப் படித்தேன். நாளிதழில் இருந்தது உன் வரியேதான், நீ போட்ட காற்புள்ளி உட்பட. நாம் எழுதியதை அவர்கள் எடுத்து அச்சடித்தார்கள்; அவர்கள் அச்சடித்ததை நாம் சான்று என்று வைத்துக்கொண்டோம். நம் வீட்டுக் கதவை நாமே தட்டிவிட்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று நம்பியிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை மாலை அந்த வரியை நீக்கினேன்.

அரை மணி நேரத்தில் உன் செய்தி வந்தது. "அந்த மீனவர் எங்க அப்பா. நீ என்னை நம்பறியா, பேப்பரை நம்பறியா?" அதற்குப் பிறகு நீ இல்லை.

இருபத்தாறு வருடப் பழக்கத்தில், அப்பா கடலில் இறந்துவிட்டார் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். நானும் மேலே கேட்டதில்லை. அடுத்தவர் துக்கத்தைக் கிளறக்கூடாது என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நான் நீக்கியதைத் தென்னரசு திரும்பச் சேர்த்தார். நான் நீக்கினேன். மறுபடி சேர்த்தார். ஒரே நாளில் மூன்று முறை. பிறகு போன் செய்து, "ரூல் என்ன மேடம் சொல்லுது? பேப்பர்ல வந்தா சான்று. வந்திருக்குது. அப்புறம் எதுக்கு நோண்டிக்கினு இருக்கீங்க?" என்றார். வானூர் இனியவன் என் பக்கம். கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர், எதையும் இரண்டு தடவை பார்ப்பார். "நாளைக்கு வேற எவனாவது கண்டுபிடிச்சான்னா அறுபத்திரண்டு கட்டுரையையும் பார்த்து ஊரே சிரிக்கும்" என்கிறார். ஆளுக்கொரு பக்கம். நீ இல்லை. அதனால் நாளை பத்து மணிக்குத் தென்னரசின் கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் என் கைதான் முடிவு செய்யும். திங்கட்கிழமை கட்டுரை முதற்பக்கத்துக்குப் போகிறது.

அலுத்துவிட்டது, கலைமதி. அறுபத்திரண்டு கட்டுரைகள், ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள். திமிங்கலம் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று எழுதி வைத்தால், வாரம் ஒரு புண்ணியவான் வந்து 'ஒரு வகை மீன்' என்று மாற்றிவிட்டுப் போகிறார். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்துகிற இடைவேளையில் உட்கார்ந்து நான் அதைச் சரிசெய்கிறேன். இயந்திரம் மொழிபெயர்த்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டுகிறவர்கள் வேறு. ஆங்கிலத்தில் கூட்டத்தையும் 'ஸ்கூல்' என்பார்கள்; இவர்கள் கணக்கில் டால்பின்கள் பள்ளிக்கூடங்களில் வாழ்கின்றனவாம். நம் பள்ளியில் இன்னும் ஒன்றும் சேரவில்லை. இதையெல்லாம் உனக்கு அனுப்பிச் சிரிப்பது வழக்கம். இந்த வாரம் அனுப்ப ஆளில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் அரை நாள் விடுப்பு எடுத்துப் பழைய இறப்புப் பதிவேட்டைத் தேடி அலைந்தேன். ஒரு இடத்தில் வேறு இடம் போகச் சொன்னார்கள். அந்த வேறு இடத்தில் மதியம் வரச் சொன்னார்கள். மதியம் போனால் பீரோ சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் பதிவேடு கிடைத்தது. உன் அப்பா பெயர் இருந்தது. சின்னக்கண்ணு, வயது முப்பத்து நான்கு, கடலில் மூழ்கி மரணம். திமிங்கலம் என்ற சொல்லே இல்லை. ஒரு சான்று வேண்டும் என்று போனேன். எதிர்ச் சான்றோடு திரும்பினேன்.

நேற்று உங்கள் ஊருக்குப் போனேன். அத்தை கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும், "ஓ, நீதான் அந்த அழி ரப்பரா?" என்றார். நீ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். பதிவேட்டில் இருந்ததைச் சொன்னேன். கருவாட்டைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னார். "போலீசு வந்துச்சும்மா. திமிங்கலம் அடிச்சிதுன்னு சொன்னா எவன் நம்புவான், பேஜாரு ஆயிடும், தண்ணில முழுகிட்டான்னே எழுதிக்கினு போங்கன்னு ஊர்ல பெரியவங்களே சொல்லிட்டாங்க. அன்னிக்கு அவங்க நம்பல. இன்னிக்கு நீ நம்பல. படிச்சவங்களுக்கு எழுத்துல இருந்தாத்தான் செத்தவன் செத்தவனா?" பிறகு, வந்தவளைச் சும்மா அனுப்பக்கூடாது என்று ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடு கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை திண்டிவனம் வரை காலியாகவே இருந்தது.

நம்புகிறேனா என்று நீ கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கரையில் பதினோரு வயதில் நின்றவள் நீ என்று அத்தை சொன்னார். இந்த உலகத்தில் உன் அப்பா எப்படி இறந்தார் என்று எழுதியிருந்த ஒரே இடத்தை நான் அழித்துவிட்டேன். பொய்ச் சான்று என்பதால் அழித்தேன். ஆனால் அந்த வரியே பொய் என்று நான் எங்கும் சொல்லவில்லை. இது உனக்கு ஆறுதலாக இருக்காது. எனக்கும் இல்லை.

அங்கே வெயில் அதிகம் என்று அத்தை சொன்னார். தண்ணீர் நிறையக் குடி. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், கலைமதி. கோபம் இருக்கிற வரை இருக்கட்டும். போன் மட்டும் ஒரு தடவை செய்.

இளவரசி

திங்கட்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன்.

தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். நேற்று நடந்தது இது.

நீக்கும் பக்கம் கை தூக்கினேன். தென்னரசு என்னையே பார்த்தார். "உங்க ஃப்ரெண்டோட அப்பா மேடம்" என்றார். தெரியும் என்றேன். பத்தே முக்காலுக்கு அவரே வரியை நீக்கினார். வழக்கமாகக் கீழே போய் டீ சொல்வார். நேற்று சொல்லவில்லை.

படி இறங்கும்போது இனியவன், புதுச்சேரியில் கடற்கரை மக்களுக்காக வருகிற ஒரு காலாண்டிதழைப் பற்றிச் சொன்னார். கண்ணால் பார்த்தவர்கள் பெயர் போட்டுச் சொன்னால், விசாரித்துவிட்டு அச்சிடுவார்களாம். அப்படி அச்சானால் அது நம்மிடமிருந்து எடுத்ததாக இருக்காது. அங்கிருந்தே இரண்டு பேரும் பஸ் மாறி உங்கள் ஊருக்குப் போனோம்.

அன்று திமிங்கலத்தை இழுக்கக் கயிறு பிடித்தவர்களில் நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அத்தை கூப்பிட்டு இரண்டு பேர் வந்தார்கள். வால்தான் அடித்தது என்று மண்ணாங்கட்டி சொன்னார். இல்லை, கயிறு காலில் சுற்றித் திமிங்கலம் இழுத்துக்கொண்டு போனது என்று சீனுவாசன் சொன்னார். "நீ எங்கடா பார்த்த? படகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினு இருந்த" என்று மண்ணாங்கட்டி கத்த, அத்தை நடுவில் போய் நின்றார். இரண்டையும் தனித்தனித் தாளில் அவரவர் சொன்னபடியே எழுதி, கையெழுத்து வாங்கினேன். ரெண்டையும் எழுதிக்கினா எதும்மா நெசம் என்று அத்தை கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். என்னை முறைத்துவிட்டு, எம் பொண்ணு கலைமதி பார்த்தா, அவளைக் கேளு என்றார்.

மூன்றாவது தாளின் தலையில் உன் பெயரையும், 1987 என்ற வருடத்தையும் மட்டும் எழுதினேன். அதை இந்த உறையில் வைத்திருக்கிறேன்.