அண்ணன் பங்கு ரொட்டி

டிசம்பர் 11
அகராதி வேலையில் இன்று ரொட்டிக்கு வந்து சேர்ந்தேன். ரஷ்யர்களுக்கு ஹ்ல்யேப், உக்ரேனியர்களுக்கு ஹ்லீப், செர்பியாவின் சோம்போரில் எங்கள் வீட்டில் ஹ்லெப். ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடும் சொல். கேட்டால், பழங்காலத்தில் ஜெர்மானியர்களிடம் கடன் வாங்கியதாம். இங்கே ஸாக்ரெபில், எங்களோடு போரிட்டுப் பிரிந்த குரோஷியாவில், என் கணவர் ஊரில், க்ருஹ். உடைத்த துண்டு என்பது அதன் பழைய பொருள்.

இந்த ஒரு சொல்லால்தான் அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

டிசம்பர் 12
நேற்று எழுதியதிலிருந்து அதே நினைப்பு. அப்பா இறந்த நாற்பதாம் நாள் சாப்பாடு, சோம்போரில். இத்தனை வருடப் பழக்கம், "அந்த க்ருஹை இப்படித் தள்ளுங்க" என்று வாயில் வந்துவிட்டது. ரதிவோய் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான். "அப்பா சாப்பாட்டுலயும் ஸாக்ரெப் பேச்சா? அங்கேயே இருந்துக்க, ஒலியா."

வசந்தத்தில் சொன்னது. இன்னும் ஒரு போன் இல்லை. எனக்கு அவன் குரல் வேண்டும், அவ்வளவுதான்.

டிசம்பர் 25
கணவர் ஸ்வோன்கோ வீட்டார் கிறிஸ்துமஸ். வீடு கொள்ளாத கூட்டம். எங்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. அன்றைக்காவது கூப்பிடுவானா? மாட்டான். வீம்பு பிடித்தவன் — நான் மட்டும் என்னவாம்?

ஜனவரி 7
காசு வைத்துப் பண்டிகை ரொட்டி சுட்டேன். இதில் கத்தி படக்கூடாது, கையால்தான் உடைக்க வேண்டும். எனக்கொன்று, கணவருக்கொன்று, வராதவருக்கு ஒன்று. காசு கிடைத்தவருக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம்.

என் துண்டில் இல்லை. ஸ்வோன்கோ வாய் நிறைய மென்றபடி, "எனக்கும் இல்ல. அப்போ உங்க அண்ணன் பங்குலதான். அவர் அதிர்ஷ்டத்தை நீ பூட்டி வைக்காத, போன் போடு" என்றார்.

போட்டேன். "அண்ணா, காசு உன் பங்குல வந்திருக்கு."

"உடைச்சுப் பாத்தியா?"

"உன் பங்கை நான் எப்படி உடைப்பேன்?"

"தொடாத. நானே வந்து உடைக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஜனவரி 10
வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். கல்லாகிப்போன துண்டை மேசையில் தட்டித் தட்டி உடைத்தான். தூள்தான் மிஞ்சியது.

"காசு எங்கடி?"

ஸ்வோன்கோ சட்டைப்பையில் கைவிட்டு அதை எடுத்து வைத்தார். "அன்னைக்கே என் பல்லுல மாட்டிடுச்சு, மச்சான்."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பல்லு உடையலையே?" என்றான். அப்புறம் தூளையெல்லாம் கூட்டி எடுத்து சூப்பில் போட்டுச் சாப்பிட்டான்.

"காலைல கடைக்கு நான் போறேன். இங்க என்னன்னு கேக்கணும், க்ருஹா?"

"எப்படிக் கேட்டாலும் குடுப்பாங்க, அண்ணா."

ரொட்டி இரண்டாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்: ஒன்று ஹ்லெப், ஒன்று க்ருஹ்.