ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டாய்

கேரிக்வேன்
நவம்பர் 9

அன்புள்ள கோல்மன்,

இங்கே நானும் அப்பாவும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீயும் லீசாவும் குழந்தைகளும் சுகமாக இருக்கவேண்டும், அதுதான் என் ஜெபம். போனில் இதைச் சொல்ல முடியாது, உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார், அதனால்தான் கடிதம். பெர்த்தை விட்டுக் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடலாமா, அங்கே என்னென்ன வசதி இருக்கிறது, ரோஷின்குட்டிக்குச் சொல்ல ஊர்க்கதையும் எழுது என்று கேட்டிருந்தாய். அதைப் படித்த அன்றே அப்பா உன் அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்துவிட்டார். "எல்லாம் இருக்குன்னு எழுது நோரா, பிள்ள வந்தாப் போதும்" என்கிறார்.

கதை வேண்டுமானால் நிறைய இருக்கிறது ராசா. சந்தை நாளில் கோயில் வாசலிலிருந்து பாலம் வரைக்கும் மாடு நிற்கும், ரயில் வந்துபோகும், பால் பண்ணை இருந்தது, பஞ்சத்தில்கூட இந்த ஊர் காலியாகவில்லை என்று என் அப்பா பெருமையடிப்பார். பஞ்சம் செய்யாததை இந்தப் பத்து வருஷம் செய்துவிட்டது. வசதியா? வங்கியை மூடிவிட்டு அதற்குப் பதில் வாரம் ஒருநாள் ஒரு வேன் வந்தது, பிறகு வேனும் வரவில்லை. தபாலாபீசைப் போன மாதம் மூடினார்கள். பள்ளிக்கூடத்தில் பதினோரு பிள்ளைகள், ஜூனோடு அதற்கும் பூட்டு. பந்தாட்டத்துக்குப் பதினைந்து பேர் தேறாமல் பக்கத்து ஊர் டிரம்லாராவோடு சேர்ந்துவிட்டோம். அந்த ஊர்க்காரன் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்ற உன் அப்பா இப்போது அவர்களுக்காகக் கோல் கம்பத்தடியில் கொடி பிடிக்கிறார். புதிதாகக் கட்டியது ஒன்றே ஒன்று, பிணம் வைக்கும் மண்டபம். கார் நிறுத்த நல்ல விசாலமான இடம்.

ஈஸ்டர் பண்டிகையோடு நம் ஊர் டாக்டர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. உன்னிடம் மறைத்துவிட்டேன், செப்டம்பரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வர ஒன்றேகால் மணி நேரம். சமையலறைத் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஒண்ணுமில்ல, வாயுதான், கோல்மனுக்கு எழுதித் தொலைக்காத" என்று அந்த நிலையிலும் திட்டினார். அவர் பிழைத்துவிட்டார். ரோஷினுக்கு மூச்சிரைப்பு வந்தால் அந்தப் பிஞ்சு ஒன்றேகால் மணி நேரம் தாங்குமா?

அதனால் வராதே, கண்ணா. பெற்றவள் கையாலேயே இதை எழுதவேண்டி வந்ததே, எனக்கு வேறு வழி தெரியவில்லை. வேலை அமையவில்லை என்று அப்பாவிடம் சொல், லீசாமேல் பழி போட்டுவிடாதே. குழந்தையின் மருந்து எப்போதும் கையோடு இருக்கட்டும். கடவுளும் மாதாவும் உங்களுக்குத் துணை.

தபால் போட இனிப் பத்து மைல் போகவேண்டும். தானே கொண்டுபோய்ப் போடுவதாகச் சொல்லி அப்பா சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையும் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "வான்னு நல்லா அழுத்தி எழுதினியா?" என்று கேட்கிறார். எழுதியாயிற்று என்று சொன்னேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நோரா