டேப்பில் ஏறாத மெட்டு

தின்கன்ஜூன், யாங்கோன்
18.11.2001

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். இங்கே தபாலில் பிரித்துப் படிப்பார்களென்று பயந்து, இதைச் சிங்கப்பூர் போகிற தஸ்தகீர் கையில் கொடுத்திருக்கிறேன், அங்கேயிருந்து அனுப்புவார்.

போன மாதம் ஒரு மத்தியானம் ஈமன் என்று ஓர் அயர்லாந்துக்காரன், நாற்பது வயதிருக்கும், நம் வாசலில் டாக்சியை விட்டு இறங்கினான். என் பேரும் வீட்டு நம்பரும் ஒரு சீட்டில் வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு வயலின் கற்றுக்கொடுத்தாரே பிரதர் டெக்லன், அறுபத்தாறில் மற்ற மிஷனரிகளோடு நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்களே, அவர் ஊர்ப் பிள்ளையாம். அவரிடமே படித்தவனாம். கடைசிக் காலத்தில் பிரதருக்கு ஓர் ஆட்ட மெட்டின் பின்பாதி மறந்துபோய், அது ரங்கூனில் என் மாணவன் மைக்கேலிடம் இருக்கிறது, போய் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு இறந்தாராம். நான் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. ஒரு மெட்டுக்காக எவனாவது கடல் தாண்டி வருவானா? பையில் சின்ன டேப் மெஷின் வேறு. வயலினை எப்போதோ விற்றாச்சு, ஒன்றும் ஞாபகமில்லை என்று அனுப்பிவிட்டேன். வயலின் பெட்டி கட்டிலுக்கடியில்தான் இருந்தது.

அவன் போன கொஞ்ச நேரத்தில் வார்டு ஆபீஸ் அதிகாரி ஊ தீன் லைங் வந்து, வெள்ளைக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். கோயில் ஆர்மோனியத்தைப் பார்க்க வந்தவர் என்று அம்மா பர்மியத்தில் சட்டென்று சொன்னாள். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். இவரே அவனை அனுப்பி ஆழம் பார்க்கிறாரோ என்றும் தோன்றியது.

மறுநாளும் ஈமன் வந்தான். நான் கேட்டைத் திறக்கவில்லை. அவன் வெளியே நின்றபடியே பையிலிருந்து தகரப் புல்லாங்குழலை எடுத்து அந்த மெட்டின் முன்பாதியை வாசித்தான். பிரதருக்கு இடது சுண்டுவிரல் மடங்காது, அதனால் மேலே ஒரு சுரத்தை விட்டுத் தாண்டுவார், நாங்களும் அப்படியே படித்தோம். இவன் விரலெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் அதே இடத்தில் தாண்டினான். அப்போதும் மனம் ஆறாமல் இன்னொரு மெட்டு வாசிக்கச் சொன்னேன், அதிலும் தாண்டினான். பின்னாலிருந்து அம்மா, இன்னும் எத்தனை சோதிப்பீங்க, அந்த மனுசனுக்கு வாயி வறண்டுபோச்சு, உள்ளாற கூப்பிடுங்க என்றாள்.

டேப் மட்டும் கூடாது என்றேன். ஏர்ப்போர்ட்டில் பையைத் திறந்தால் அதில் என் குரல் இருக்குமே. அவன் உடனே பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். கட்டிலுக்கடியிலிருந்து வயலினை எடுத்து, பிரதர் எனக்குச் சொன்ன மாதிரியே பின்பாதியை வரி வரியாக அவன் காதில் போட்டேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று மத்தியானம். ஒரு திருப்பத்தில் தடுக்கிக்கொண்டே இருந்தான், நானும் திட்டினேன். மூன்றாம் நாள் சேர்ந்து வாசிக்கும்போது, பார்ப்போமே என்று நடுவில் வயலினிலிருந்து வில்லை எடுத்துவிட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, கண்ணை மூடிக் கடைசிவரை போய்த் திரும்ப முதலுக்கு வந்தான். முப்பத்தைந்து வருசமாக என் கையிலிருந்து மட்டுமே கேட்ட மெட்டு. வயலினை மடியில் வைத்துக்கொண்டு சும்மா கேட்டேன், ஜெசி.

அவன் போய்ப் பதினெட்டு நாளாச்சு, யாரும் வந்து கேட்கவில்லை. ஆனாலும் தெருவில் கார் மெதுவாகப் போனால் எழுந்து பார்க்கிறேன்.

பதிலில் அவன் பேரை எழுதாதே, கடிதம் கிடைத்தது என்று மட்டும் எழுது. ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உங்கள் வீட்டை நிறைவாக வைக்கட்டும்.

உன்மேல் உயிராயிருக்கும் அப்பா,
மைக்கேல்