ஒரே ஒரு தடவை

பிரிக்பீல்ட்ஸ்,
4 மார்ச் 2025

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

வணக்கம். கால் வலி எப்படி இருக்கிறது? காப்பார் வீட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறதா, ஆள் அனுப்பட்டுமா? நீங்கள் என்னை அடியோடு மறந்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை.

தாமரையின் கையை உடைத்தது நான்தான் என்று கிள்ளான் கோர்ட்டில் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஏப்ரல் 8 அன்று தண்டனை சொல்கிறார்கள். மாமனாரே நல்ல வார்த்தை சொன்னால், ஜெயில் இல்லாமல் நன்னடத்தை ஜாமீனில் விடக்கூடும் என்கிறார் லாயர். மலாய் மொழியில் எழுதிய ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். கீழே கோடு போட்ட இடத்தில் கைநாட்டு வையுங்கள், போதும். யாரிடமும் காட்டி அலைய வேண்டாம்.

அவளை நெருங்கக்கூடாது, பேசக்கூடாது என்று கோர்ட் உத்தரவு. அவள் எங்கே இருக்கிறாள் என்று நான் கேட்கவும் இல்லை. மகள் நிரஞ்சனிக்குப் புதுப் பள்ளிக்கூடம் தூரமா, நடந்து போகிறாளா?

அன்பு மருமகன்,
ஜீவன்

•

காப்பார்,
10 மார்ச் 2025

மருமகன் ஜீவனுக்கு,

நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு மார்க்கிரட் டீச்சர் எழுதுகிறார். கால் அப்படியேதான் இருக்கிறது. கூரையைப் போன வருஷமே மாற்றியாகிவிட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. அதனால் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

தாளையும் டீச்சர் படித்துச் சொன்னார். "கோபத்தில் ஒரே ஒரு தடவை நடந்துவிட்டது, அதற்கு முன் என் மகளை இவர் அடித்ததே இல்லை" என்று நான் சொல்வதாக அதில் இருக்கிறது. நான் எப்போது சொன்னேன்? யோசிக்க வேண்டும்.

பேத்தி நடந்துதான் போகிறாள். செமினி ஊரில், பாசார் சந்தைக்குப் பின்னால் மஞ்சள் கேட் போட்ட வீடு, பள்ளி பக்கம்தான். ஐயோ, வாய் தவறிவிட்டது. "டீச்சர், அத அடிச்சிடுங்க" என்றேன். "பேனாவுல எழுதிட்டேனே அங்கிள்" என்கிறார். நீ படிக்காத மாதிரி இருந்துவிடு.

உன் மாமா,
சின்னையா

•

பிரிக்பீல்ட்ஸ்,
20 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எழுதிய ஊரை அப்போதே மறந்துவிட்டேன். வேலை, வீடு, கோயில், அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸை விட்டு எங்கும் போகவில்லை. தாள் இன்னும் வரவில்லையே? அந்த டீச்சர் உங்கள் மனதைக் கலைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். சீக்கிரம் அனுப்பிவையுங்கள்.

உங்கள் பிள்ளை மாதிரி,
ஜீவன்

•

காப்பார்,
24 மார்ச் 2025

ஜீவனுக்கு,

அந்த மஞ்சள் கேட் வீட்டில் இருப்பவன் கமலநாதன், என்னோடு லோரி ஓட்டியவன். என் மகள் செமினியில் ஒரு நாளும் இருந்ததில்லை. உனக்கு மட்டும்தான் அந்த வீட்டைச் சொன்னேன்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காலையில் உன் வெள்ளைக் கார் எதிரே நின்றதாம். ஞாயிறும் நின்றதாம். இறங்கி வந்து, "பாஸ், தாமரைன்னு ஒருத்தங்க இங்க இருக்காங்கதானே? நான் அவங்க அண்ணன்" என்றாயாம். அதற்கு அவன், "நான்தான்லா தாமரை, உள்ள வாங்க தம்பி" என்றானாம். நீ காருக்கு ஓடியதைப் போனில் படம் பிடித்திருக்கிறான்.

படம் போலீசிடம் இருக்கிறது. என் கைநாட்டும் அங்கே கொடுத்த வாக்குமூலத்தில் இருக்கிறது. உன் தாளை அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது, நாள் மறக்காது. 2017 தைப்பூசத்தில், அந்த வெயிலில், முழுக்கைச் சட்டை போட்டு வந்தாள். 2021 டிசம்பர் வெள்ளம் வடிந்த மறுநாள் உதடு கிழிந்திருந்தது. தண்ணீரில் வழுக்கியதாம். 2023 தீபாவளிக்கு முந்தின வாரம் துணிப்பையோடு வந்து, "நான் திரும்பிப் போகலப்பா" என்றாள். நான்தான், "குடும்பம்னா அப்படித்தான்லா, கிளம்பு" என்று உன் வாசலில் கொண்டுவந்து விட்டேன். நீ கேட்டைத் திறந்து, "தேங்க்ஸ் மாமா" என்று சிரித்தாய்.

தண்டனை சொல்வதற்கு முன், அடிபட்டவளின் குடும்பமும் பேசலாம் என்று அரசு வக்கீல் சொன்னார். எட்டாம் தேதி வருகிறேன். மூன்று நாளையும் மாஜிஸ்திரேட்டிடம் சொல்வேன். மூன்றாவது நாள் நான் செய்ததையும் சேர்த்தே சொல்வேன்.

தாமரையின் அப்பா,
சின்னையா