வைத்தியர் கேட்ட ‘நிந்த’

நோட்டன் பிரிட்ஜ்,
ஞாயிறு காலை.

தனுஜா அப்பாவுக்கு,

மீனம்மா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். கொழும்பு வெக்கையில் நீங்களும் சுகமாக இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். போனில் பேசினால் வாய் முந்திக்கொள்ளும் என்றுதான் கடிதம். தாள் தனுஜாவின் கொப்பியில் கிழித்தது, அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் போன மூன்று மாதமாக எனக்குத் தூக்கமே இல்லை. போன வாரம் டவுனில் சிங்கள ஆயுர்வேத வைத்தியரிடம் போனேன். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். கடைசியில் "நிந்த யனவாத?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம்தானே. யாரையாவது நிந்தித்தாயா என்று கேட்கிறார் என நினைத்துவிட்டேன். நாடியிலேயே தெரிந்துவிட்டதே என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சலில், அத்தனை சொந்தக்காரர் முன்னாலும், நீங்கள் போட்ட லீக்ஸ் மரக்கறிப் பாத்தி அழுகியதற்கு உங்களைக் கையாலாகாதவர் என்று சொன்னதை. மறுநாளே நீங்கள் பஸ் ஏறியதை. அழுதும் விட்டேன்.

மருந்து கட்டிக்கொடுக்கும் ரினோஸாதான் அவருக்குச் சிங்களத்தில் சொன்னாள். பிறகு முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு, "அக்கா, நிந்தன்னா தூக்கம். தூக்கம் வருதான்னுதான் கேட்டாரு" என்றாள். வைத்தியர் சிரித்தார். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன்.

ஆனாலும் நான் சொன்னதுதான் சரியான பதிலாம். உடம்பு, மனசு, ஆத்மா மூன்றும் அடுப்புக்கல் மாதிரி, ஒன்று சரிந்தால் பானை நிற்காது என்றார். தலைக்கு எண்ணெயும் கசாயமும் அவர் தருவாராம், மனசுக்கான மருந்து என் கையில்தான் இருக்கிறதாம்.

உங்களுக்கு எழுதுவதென்று அன்றே முடிவு செய்தேன். எண்ணெயோ முடிவோ, மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டையே விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். பதினெட்டு வருசத்தில் முதல் தடவை. சுகமில்லையா என்று மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கேட்டார். வெட்கமே இல்லாமல், தூங்கிவிட்டேன் என்றேன். மலையில் கொழுந்து பறிக்கிற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

லீக்ஸ் அழுகியது மழையால். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு வாருங்கள். புறப்பட்டதும் சொன்னால் அட்டன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பேன். உங்கள் பையை நான்தான் தூக்குவேன். அண்ணன் வீட்டு வழியாகவே நடப்போம். எல்லாரும் வாசலுக்கு வந்து பார்க்கட்டும்.

உங்கள்
மீனம்மா