இருமிய புத்தகம்

4 நவம்பர் 2024
மழை. வள்ளங்கள் எல்லாம் கரையில். சனசமூக நிலையத்தில் எழுத்துப் படித்து முடித்தபிறகு இன்றுதான் ஒரு முழுப் பக்கம் எழுதப் பார்க்கிறேன். ஒரு மணித்தியாலம் போகும். போகட்டும்.

பேத்தி லவீனாவுக்கு ஏழு வயது. மாரி தொடங்கினால் மூச்சு இழுப்பு. பிள்ளைகளின் இழுப்புக்கு எவ்வளவு மருந்து போதும் என்று ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறார்கள். அவளையும் சேர்த்து ஒரு புத்தகம் தந்தார்கள். காலையில் அவள் ஒரு குழாயில் ஊத, முள் நிற்கும் இலக்கத்தை எழுத வேண்டும். இலக்கம் கூடினால் மூச்சு சுகமாம். இரவில் இருமினாளா என்றும் எழுத வேண்டும். மகள் உதயகலா விடியவே வேலைக்குப் போய்விடுவாள். "ஐயா, இனி நீங்கள்தான் கிளாக்கர்" என்றாள்.

கிளாக்கர் முருகேசு! சிரிப்பு அடங்கவில்லை.

11 நவம்பர்
ஊதினது 150. இரவு முழுக்க இருமல். சுவரில் சாய்ந்து இருந்தபடியே தூங்கினாள்.

30 நவம்பர்
190. நேற்றிரவு ஒரு இருமலும் இல்லை! ஆராய்ச்சிப் புத்தகத்தில் 'இல்லை' என்று எழுதப் போனேன், கை வரவில்லை. பிள்ளை சுகம் என்று வாயால் சொன்னாலே கண்ணூறு. யாரும் கேட்டால் "ஏதோ இருக்கிறாள்" என்றுதானே சொல்லுவோம். அதை மையால் எழுதி, முகம் தெரியாத பத்துப் பேர் வாசித்தால்? 'கொஞ்சம் இருமல்' என்று எழுதிவிட்டேன். இலக்கத்தை உள்ளபடி எழுதினேன். இலக்கத்துக்கு என்ன கண்ணூறு.

நான் எனக்கென்று எழுதும் இந்தக் கொப்பியை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். இதில் தினமும் ஒரு வரி உண்மை எழுதலாம்.

14 டிசம்பர்
210. இருமல் இல்லை. (அங்கே: கொஞ்சம் இருமல்.) ஆராய்ச்சி செய்கிற டொக்டர் அருந்ததி நல்ல பிள்ளை, ஆனால் தும்புத்தடி மாதிரி மெலிவு. சோறு தின்பதில்லைப் போல.

27 டிசம்பர்
கிளினிக். டொக்டர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா. "அப்பு, மருந்து காணாது போலை கிடக்கு. கூட்டவேணும். கூட்டினால் பிள்ளையின்ரை வளர்த்தி கொஞ்சம் குறையவும் கூடும்."

என்ரை எழுத்தாலை பிள்ளை வளராமல் போறதோ?

பிறகு இலக்கங்களைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினா. "குழாய் சுகம் எண்டுது. உங்கடை புத்தகமெல்லோ இருமுது!"

சொல்லிவிட்டேன். கண்ணூறு, எல்லாம். உதயகலா "ஐயா!" என்று தலையில் கை வைத்தாள். டொக்டர் சிரிக்கவில்லை. "உந்தப் புத்தகத்தை நம்பி இன்னும் எத்தினை பிள்ளையளுக்கு மருந்தைக் கூட்டியிருப்பம், தெரியுமே?"

அந்தப் பிள்ளையளை நான் நினைக்கேல்லை. ஒருக்காலும் நினைக்கேல்லை.

உண்மையை எங்கேயும் எழுதியிருக்கோ என்று கேட்டா. நாளைக்கு இந்தக் கொப்பியைக் கொண்டுபோக வேண்டும்.

28 டிசம்பர்
டொக்டர் ஒரு சொல் விடாமல் வாசித்தா. தும்புத்தடி என்ற சொல்லில் வந்து நின்றா. "அப்பு, நான் ரெண்டு நேரமும் சோறுதான்."

பிழையை அழிக்கக் கூடாதாம். மேலே ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். இருபத்தெட்டு நாளில் இருபத்தாறு இடம். மற்ற இரண்டு நாளும் அவள் உண்மையிலேயே இருமினவள். முதல் ஐந்து கையெழுத்தும் கோணல். இருபதுக்குப் பிறகு 'முருகேசு' தன்பாட்டில் ஓடியது.

மருந்து கூட்டவில்லை. புத்தகத்தைத் திரும்பவும் என் கையில்தான் தந்தா.

3 ஜனவரி 2025
ஆராய்ச்சிப் புத்தகத்தில் நேராகவே 'இல்லை' என்று எழுதினேன். எழுதியபிறகு பயம் பிடித்தது. டொக்டருக்குப் போன் எடுத்து, கண்ணூறு கழியப் பிள்ளையைச் செத்தல் மிளகாயால் சுற்றி அடுப்பில் போடலாமோ என்று கேட்டேன். "புகை கூடாது அப்பு. சுத்துங்கோ, போடாதேங்கோ." சுற்றி வளவுக்கு வெளியே எறிந்தேன்.

8 பெப்ரவரி
பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. ஐம்பது மீற்றர் ஓட்டம். லவீனா நாலாவது. பரிசு மூன்று பேருக்குத்தான். தெருவெல்லாம் கேட்க, வீடு வரைக்கும் நிற்பாட்டாமல் கத்திக் கத்தி அழுதாள். உதயகலா தேற்றிக்கொண்டு போனாள். நான் பின்னால் காது கொடுத்து நடந்தேன். ஒரு இடத்திலும் மூச்சு இழுக்கவில்லை.