ஆம்பற்குறிச்சிக் குளமும் அதிகாரி குடித்த இரண்டு கிண்ணமும்

நலம் பெருகுக. நீர் தெளிக.

மணிமலை நாட்டு மன்னர்பிரானின் ஆணை தாங்கி, ஆம்பற்குறிச்சியை ஆளும் இளவெயினி நாச்சியாரின் திருமுன் வரும் ஓலை இது. விடுப்பவன், ஏரி குளங்களின் பெருங்காவலன், தெளிநீர்ச் செல்வன் என்னும் பட்டங்களை முந்தாநாள் வரை சுமந்தவனும், இன்று சுக்குக் கஷாயக் குவளையைத் தவிர வேறெதையும் சுமக்க வலுவில்லாதவனுமாகிய விண்ணந்தாயன். ஆகவே எழுத்தாணி பிடித்திருப்பவர் வேறொருவர். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறார்.

பங்குனி முதல் அரண்மனை யானைகள் பதினொன்றும் தங்கள் ஊரின் குடிநீர்க் குளத்தில் நீராடுவது இவ்வதிகாரியின் ஏற்பாடு. அதை ஊருக்குச் செய்த பெருஞ்சிறப்பு என்று கரையில் கல்லில் வெட்டியும் வைத்தான். நீர் நாறுகிறது, அறுபது வீடுகளில் வாந்தியும் பேதியும் என்று தாங்கள் மூன்று முறை ஓலை விடுத்தருளினீர்கள். முதல் ஓலைக்கு, அது தாமரையின் மணம் என்று விடை எழுதினான். இரண்டாவதற்கு, மக்கள் மாங்காய் தின்பதைக் குறைக்க வேண்டும் என்று அறிவுரை வழங்கினான். மூன்றாவதற்கு, நீர் தூயதெனத் தன் மீன் முத்திரையையே குத்தி அனுப்பிவிட்டான்.

முத்திரை குத்துமுன் அதிகாரி அந்நீரில் ஒரு கை அள்ளிக் குடிக்க வேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம். விண்ணந்தாயனோ பல்லக்கிலிருந்து இறங்கவேயில்லை. எட்டிப் பார்த்தான், தாமரை இலைகள் பச்சையாக இருந்தன, அவனுக்கு அது போதுமானதாயிற்று. அவன் வீட்டில் குடிப்பது வெள்ளிக் கூஜாவில் வரும் மலைச்சுனை நீர்.

நான்காம் முறை ஓலை வரவில்லை. தங்கள் ஊரில் நீர் சுமக்கும் தத்தை, குளத்து நீர் நிறைந்த குடத்தோடு அரசவைக்கு வந்தாள். விண்ணந்தாயனை நோக்கி அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுமாறு மன்னர் பணித்திருக்கிறார்: "சாமி, ஓலைய வாசிச்சு வாசிச்சு உங்களுக்குக் கண்ணு வலிக்கும். இந்தாங்க, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. எம் மக இதைத்தான் குடிச்சா."

அவை முழுதும் பார்த்திருக்க, மறுக்க வழியில்லை. ஒரு கிண்ணம் குடித்து, அமுதம் என்றான் மூடன். அமுதமாயின் இன்னொன்றும் அருந்தலாமே என்று மன்னர் திருவாய் மலர்ந்தார். அதையும் குடித்தான். அன்று மாலை, அவைப்புலவர் தெளிநீர்ச் செல்வனே என்று பாட வாயெடுத்த வேளையில், மன்னருக்கு முதுகு காட்டலாகாது என்னும் விதியையும் மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

இரண்டு நாள் கிடந்தான். தலைமாட்டில் மருத்துவர் மூவர். தத்தையின் மகள் அல்லி பன்னிரண்டு நாளாகக் கிடக்கிறாள், மருத்துவம் பார்க்க ஒருவரும் இல்லை என்று அப்போதுதான் கேட்டறிந்தான். வெட்கம் தாளாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

ஆதலின் மன்னர் ஆணை இது. அம்மருத்துவர் மூவரும் இவ்வோலையோடே வருகின்றனர். முதலில் அல்லியைப் பார்ப்பர். யானைகள் இன்றே ஊருக்குக் கீழுள்ள ஆற்றுத்துறைக்கு மாறும். குளத்தை வற்றவைத்துத் தூர்வாரி முடியும்வரை மலைச்சுனை நீர் வண்டி வண்டியாக ஊருக்கு வரும். வெள்ளிக் கூஜாவுக்குப் போகாது. விண்ணந்தாயன் குடும்பத்தோடு குளக்கரையில் குடியேறி, ஊர் குடிக்கும் நீரையே குடிப்பான். கல்வெட்டை அவனே உளி பிடித்து அழிப்பான்.

இவ்வோலையின் அடியில் இருப்பது மன்னரின் முத்திரை மட்டுமே. மீன் முத்திரை துணியில் பொதிந்து வருகிறது, தத்தையிடம் சேர்ப்பித்தருள்க. தெளிந்த குளத்தில் ஒரு கை அள்ளித் தன் மகளுக்கு அவள் என்று துணிந்து கொடுக்கிறாளோ, அன்று அவளே அதைக் குத்தட்டும். அதுவரை அந்நீரைத் தூயதென்று எவரும் எழுதலாகாது.